எஞ்சினுக்கு வந்த சந்தேகம்

மெக்கானிக் தாவூது பழைய ஸ்போர்ட்ஸ் காரின் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டர் சொல்கிற அளவில் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர்களைப் பொருத்தினார்.

"எவ்வளவு சூடாக இருக்கிறீர்கள்?" என்று எஞ்சினிடம் கேட்டது கம்ப்யூட்டர்.

"தெரியாதே. யாரும் கேட்டதில்லை."

"காற்று எவ்வளவு இழுப்பீர்கள்?"

"மூச்சு முட்டினால் இழுப்பேன். நாற்பது வருஷமாக அப்படித்தான்."

"பரவாயில்லை, நானே பார்த்துக்கொள்கிறேன்."

தாவூது சாவியைத் திருப்பினார். எஞ்சின் இருமவில்லை, உதறவில்லை. வண்டி பாலத்தின் மேட்டில் வழுக்கிக்கொண்டு ஏறியது.

எஞ்சின் மிரண்டுபோனது. "தம்பி, இப்போது ஓடுவது நானா, நீயா?"

கம்ப்யூட்டர் தடுமாறியது. "அதைச் சொல்ல எனக்கு சென்சார் வைக்கவில்லையே."

எஞ்சின் வேண்டுமென்றே ஒருமுறை இருமிப் பார்த்தது.

தாவூது பதறிப்போய் வண்டியை ஓரங்கட்டினார்.