சிவப்பு எழுத்து வராத வரைபடம்

ஷிரே ஆற்றங்கரை வெள்ள நிவாரண அலுவலகத்தின் தகரக் கூரையில் மழை கொட்டுகிறது. டகோண்ட்வாவின் திரையில் மேற்குக் கரை முழுக்க வெள்ளத்தின் நீலம். கிழக்குக் கரையோ வெயிலில் காயப்போட்ட துணி மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. அந்த வெளுப்பில்தான் அவளுடைய அக்கா பிள்ளைகளோடு இருக்கிறாள். காலையிலிருந்து போனை எடுக்கவில்லை. வரைபடத்துக்குக் கீழே பச்சையில் ‘வெற்றிகரமாக முடிந்தது’ என்று மின்னுகிறது. அந்தப் பச்சையை அவள் நம்பவில்லை. விருந்தினர் முன்னால் திரையில் பிழையைச் சொல்லும் சிவப்பு எழுத்து ஓடினால் அலுவலகத்துக்கே அவமானம் என்று இயக்குநர் நியிரோங்கோ ஒருமுறை குதித்ததால், எந்தப் பிழை வந்தாலும் வாய் திறக்காமல் தாண்டிப் போ என்று வரைபடத்தை வரையும் பைத்தான் கணினி நிரலில் ஒரு வரி சேர்த்தவள் அவள்தான்.

“ப்வானா, கிழக்குக் கரையில தண்ணியே காட்டல,” என்று அவள் இயக்குநரிடம் சொல்கிறாள்.

“நல்லதுதானே? அதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே? வரைபடத்த நான் அப்பவே அனுப்பிட்டேன், மீட்புப் படகெல்லாம் அதப் பாத்துத்தான் கிளம்புது. அடுத்த படத்துல நம்ம முத்திரைய இன்னும் கொஞ்சம் பெருசா வை.”

அவள் அந்த வரியை அழித்துவிட்டு நிரலை மறுபடி ஓட்டுகிறாள். திரை ஒரு கணம் உறைகிறது. பிறகு சிவப்பு மளமளவென்று இறங்குகிறது: கிழக்குக் கரையின் நில உயரக் கோப்பைத் திறக்க முடியவில்லை. அங்கே வெள்ளம் கணக்கிடப்படவே இல்லை.

“ஐயோ, மூடு மூடு! விருந்தாளிங்க வராண்டாவுலதான் நிக்கறாங்க!” இயக்குநர் ஈரக் குடையைப் படக்கென்று விரித்துத் திரையை மறைக்கிறார். குடைக்கம்பியிலிருந்து விசைப்பலகையில் நீர் சொட்டுகிறது. வெளியே படகுகளின் இயந்திர ஓசை, மேற்குப் பக்கமாகத் தேய்ந்துகொண்டே போகிறது.