தேடப்படும் வழுக்கை

“பழைய போட்டோவுல சுருள் முடியோட மாப்பிள்ளை மாதிரி இருக்கான். நீ அவனோட மாமனாரையே உண்டாக்கி வச்சிருக்க” என்று இயக்குநர் எரிந்து விழுந்தார்.

போலீஸ் தேடும் குற்றவாளிகளைக் காட்டும் தொலைக்காட்சி நிகழ்ச்சி அது. தலைமறைவானவன் இன்று எப்படி இருப்பான் என்று ஊகித்து, ஒரு நடிகருக்கு ஒப்பனை செய்து காட்டுவார்கள். ஒப்பனைக்காரி நடிகரின் தலையில் வழுக்கையை ஒட்டிக்கொண்டே சொன்னாள்:

“ஓடி ஒளியறவனுக்குக் கவலையில முடி கொட்டாதா சார்?”

“நீ முகம் போட்ட மத்தவன் எல்லாம் மாட்டிக்கிட்டான். இந்த நகைக்கடைத் திருடனை எத்தனை தடவை காட்டினாலும் ஒரு போன் வரமாட்டேங்குது. இன்னிக்கும் வரலைன்னா, பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பு. வேற ஆளை வச்சுப் பார்த்துக்கறேன்.”

“என் தொழில்ல மூக்கை நுழைக்காதீங்க. உங்க தொழில்ல நான் நுழைக்கிறேனா?”

“நுழைச்சா நிகழ்ச்சியாவது உருப்படும்” என்றார் கேமராக்காரர். இருவரும் சேர்ந்து அவரை முறைத்தார்கள்.

சாயங்காலம் நிகழ்ச்சி ஒளிபரப்பானபோது, அவள் வீட்டுச் சோபாவில் கால் நீட்டிப் படுத்திருந்தாள். ஜன்னல் திரைகள் எல்லாம் இழுத்து மூடியிருந்தன. பக்கத்தில் நின்று பார்த்த கணவனின் முகம் கடுகடுவென்று இருந்தது.

“என் வேலை போனாலும் போகும். அடுத்து வர்றவ இவனை எப்படிக் காட்டுவாளோ” என்றாள்.

“எப்படிக் காட்டினாலும் இதைவிட நல்லாத்தான் இருக்கும். இந்த மூஞ்சியைப் பார்த்து நான்னு எவனாவது சொல்லுவானா?”

“இன்னொரு வார்த்தை பேசினா, வேலையை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடி நானே அந்த நடிகர் தலையில சுருள் முடியை வச்சுட்டு வந்துடுவேன். போய்ப் பாத்திரத்தைத் தேய்.”

நெற்றியில் சரிந்த சுருள் முடியை ஒதுக்கிக்கொண்டு, அவன் அடுப்படிக்குப் போனான்.