மூன்றாவது ஓலை

“தடை இருக்குங்க சாமி.”

கோயிலின் கடைசி வரிசையிலிருந்து மரிய அருண் எழுந்து நின்றான்.

உபதேசியார் அப்போதுதான் கல்யாண ஓலையை வாசித்து முடித்திருந்தார். ஞானராஜுக்கும் மெர்லினுக்கும் 2014 ஜனவரியில் திருமணம். தடை தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லக் கடமைப்பட்டவர்கள். மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். இது மூன்றாவது. அந்தக் கோயிலில் இதுவரை யாரும் அதற்கு எழுந்ததில்லை.

பூசை முடிந்ததும் சாமியார் அவனை மாதா சிலை இருக்கும் கெபிப் பக்கம் கூட்டிப்போனார். ஊரே பின்னால் வந்தது.

“என்னப்பா தடை?”

“நான்தான் சாமி. விழுப்புரத்துல நானும் ஞானராஜும் ஆறு வருசமா ஒரே ரூம்ல இருக்கோம். புருசன் பொண்டாட்டி மாதிரி.”

கூட்டத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

“புதன்கிழமதான் டில்லி சுப்ரீம் கோர்ட்டுல தீர்ப்பு சொன்னாங்க, அது குத்தம்னு. டி.வி.ல ஒரு கூட்டம் ஆம்பளைக்கு ஆம்பள கல்யாணம் கேட்டுக்கினு கீது. இங்க ஒருத்தரு நேராவே வந்துட்டாரு பாரு.”

சாமியார் ஞானராஜைப் பார்த்தார். அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாமியார் அருண் பக்கம் திரும்பினார்.

“மொத ஓலையிலயே சொல்றதுக்கென்ன?”

“அவனே சொல்லட்டும்னு கெஞ்சிக்கினு இருந்தேன் சாமி.”

“வேற ஏதாவது தடை இருக்கா?”

அருண் ஞானராஜைப் பார்த்தான்.

“வேற ஒண்ணும் இல்லீங்க.”

“கல்யாணம் நிக்கட்டும்” என்றார் சாமியார்.

அருணின் கன்னத்தில் விழுந்த முதல் அறை மெர்லினின் அப்பாவுடையது. “வரதட்சண வேணாம்னு வந்த சம்பந்தம்டா. எம்பொண்ணு வாழ்க்கைய கெடுத்துட்டியே.”

மெர்லின் பாட்டுப் புத்தகத்தை மடக்காமல் கையில் வைத்தபடி நின்றாள்.

ஞானராஜின் அம்மா லூர்துமேரி அருணின் தோளிலிருந்த பையைப் பிடுங்கித் தரையில் அடித்தாள். “எம்புள்ள குடும்பம் நடத்தறது இவனுக்குப் பொறுக்கல. இவனுங்களாலதான் ஊருக்கு எய்ட்சு வருது. தள்ளிக்கினு போங்க இந்த சனியன.”

திண்டிவனம் பஸ் நிற்கும் இடம்வரை அவனைத் தள்ளிக்கொண்டு போனார்கள். சாமியாரும் “அடிக்காதீங்கப்பா” என்றபடி பின்னால் ஓடினார். ஞானராஜ் எந்தப் பக்கம் போனான் என்று தெரியவில்லை.

கெபியருகே லூர்துமேரி மட்டும் நின்றாள்.

பை வாய் பிளந்து கிடந்தது. மண்ணில் இரண்டு மாத்திரை டப்பாக்கள். மாதாமாதம் எய்ட்ஸ் மருந்து வாங்குகிற ஆஸ்பத்திரிப் புத்தகங்கள் இரண்டு. ஒன்றில் அருண் படம். இன்னொன்றில் ஞானராஜ்.

அவள் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குனிந்தாள். அருணுடைய புத்தகத்தைப் பைக்குள் போட்டாள். பிறகு டப்பாக்களின் மூடியைத் திருப்பிப் பார்த்து, மகன் ஊருக்கு வரும்போதெல்லாம் அவள் பார்த்ததுபோலவே ‘ஞா’ என்று பேனாவால் எழுதியிருந்ததை எடுத்து, முந்தானையால் மண்ணைத் துடைத்து, மகன் புத்தகத்தோடு சேர்த்து மடியில் செருகிக்கொண்டாள்.