தலைக்கு மேலே

பனிச்சரிவில் சறுக்கி வந்து அந்தரத்தில் தாவும் ஒருத்தியின் அறை அது. அவளுடைய தலைக்கவசம் ஆணியில் தொங்கியது. காலில் மாட்டும் சறுக்குக் கட்டைகள் இரண்டும் கீழே, உருகிய பனியின் ஈரத்தில் சாய்ந்து நின்றன. இரண்டில் வலது கட்டைதான் பேசக்கூடியது.

"இன்னிக்கு அவ அடிச்சது குட்டிக்கரணம்ணே."

"அவ சாஞ்சு சுத்தினா, அவ்வளவுதான்," என்றது தலைக்கவசம். "எவ்வளவு சாஞ்சாலும் கால் தலைக்கு மேல போகாத வரைக்கும் அது சுத்தல்தான். போனாத்தான் கரணம். நீ எந்தக் காலத்துல எனக்கு மேல வந்தே?"

"இன்னிக்கு வந்தேனே."

"வந்திருந்தா இந்த ஆணியை நீயே எடுத்துக்க. நான் ஈரத்துல கிடக்கேன்."

தலைக்கவசத்தின் நெற்றியில் அவள் கண்ணுக்கு அணியும் கண்ணாடி மாட்டியிருந்தது. கட்டை அதனிடம் கேட்டது. "நீ சொல்லு தம்பி. என்ன பார்த்தே?"

கண்ணாடி தயங்கியது. "முதல்ல பக்கத்துல பனி தெரிஞ்சுது. அப்புறம் தலைக்கு மேல தெரிஞ்சுது."

"அப்ப மலைதான் ஒரு தடவை புரண்டிருக்கும்," என்றது தலைக்கவசம். ஆணி யாருக்கும் கைமாறவில்லை.

காலையில் அவள் வந்தாள். தலைக்கவசத்தை அணிந்து, கட்டைகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு மேட்டில் ஏறினாள். கட்டைகளின் முனை அவள் தலையைத் தாண்டி நீண்டது. அதன் நிழல் தலைக்கவசத்தின் மேல் விழுந்தது.

"மேகம் போலிருக்கு," என்றது தலைக்கவசம்.

வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. கண்ணாடி அதைப் பார்த்துக்கொண்டே, "ஆமாண்ணே," என்றது.