முதுகில் எழுதிய ஐநூறு வாட்

இருட்டிய பிறகு கம்ப்யூட்டர் பெட்டிக்குள் 'ங்ஙீ...' என்று ஒரு முனகல் கேட்டது. மதர்போர்டுக்குப் பகீரென்றது. அவள் மடியில் செருகியிருந்த ராம் மெமரி இரட்டைப் பிள்ளைகள் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"பவர் சப்ளை அண்ணே, முனகுறது நீங்களா?"

"நானா? என் முதுகுல ஐநூறு வாட்னு எழுதியிருக்கே, படிக்கத் தெரியாதா?"

மற்றதெல்லாம் வாங்கி மிஞ்சிய சில்லறையில் வந்தவர் அவர். பகலில் கம்ப்யூட்டரின் சொந்தக்காரி யாழிசை டிசைன் வரைந்தபோது சமாளித்துவிட்டார். இப்போது அவள் கேம் போட்டதும் கிராபிக்ஸ் கார்டு அதட்டியது. "இன்னும் கரண்ட் அனுப்புய்யா! லேபிள் மட்டும்தான் பெருசா?"

"இதோ தம்பி, இதோ!"

கருகல் வாடை வந்தது. மதர்போர்டு பிள்ளைகளை இறுக்கிக்கொண்டாள்.

"அண்ணே, யாரோ எழுதினதை விடுங்க. உங்களால எவ்வளவு முடியும்? எனக்கு மட்டும் சொல்லுங்க."

முனகல் தயங்கியது. "அதுல பாதிகூட முடியாது, தங்கச்சி."

"அப்ப கரண்டை நிறுத்திக் கதவைச் சாத்திடுங்க. என் பிள்ளைங்க எரிஞ்சுடும்."

"சிரிப்பாங்களேம்மா..."

"சிரிக்கட்டும்ணே."

திரை சட்டென்று இருண்டது. "யோவ், திறய்யா!" என்று கார்டு கத்தியது. பவர் சப்ளை உள்ளேயிருந்து தாழ்ப்பாளைப் போட்டார்.