புங்கமரத்துப் பிள்ளையார்

“மரத்தை வெட்டச் சொன்னது நீங்கதானே?”

பால் பாக்கெட் வாங்க வந்த ஜெயபாரதியை, கடையில் அத்தனை பேர் முன்னால் வைத்துக் கேட்டார் சங்கரன். தெருக் குடியிருப்போர் சங்கத் தலைவர்.

அவளுக்குச் சுருக்கென்றது. “நான் நடைபாதைதான் சார் கேட்டேன். மரத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசலையே.”

“நடைபாதை, சைக்கிள் பாதைன்னு வந்தா மரம் போகும்னு பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். எவ்ளோ பெரிய புங்கமரம்! அதைச் சாய்க்கணும்கறேளே, மனசுன்னு ஒண்ணு இருக்கா உங்களுக்கு?”

கடையில் நின்றவர்கள் எல்லாரும், அவள் கையில் அரிவாள் இருப்பதுபோல் பார்த்தார்கள். இருந்தது ஊன்றுகோல்.

மேற்கு மாம்பலத்தில் அந்தத் தெருவில் ஓரமாக நடப்பதென்றால் ஓரம் இருந்தால்தானே! போன மழைக்காலத்தில், தி.நகர் ஜவுளிக்கடையில் பில் போடும் வேலைக்காக அவசரமாகப் போனவள், ஓரத்தை விட்டு நடுத்தெருவில் இறங்கினாள். பின்னால் வந்த பைக் அடித்துத் தள்ளியது. கால் முறிந்து படுக்கையில் கிடந்தாள். பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் போய்க்கொண்டிருந்த மகளுக்கும் தடை போட்டு, சைக்கிளைப் பூட்டி மாடிப்படிக்குக் கீழே போட்டுவிட்டாள். எழுந்து நடந்ததும் முதல் வேலையாக மாநகராட்சி அலுவலகத்துக்குப் போய், நடக்க ஒரு பாதை கேட்டாள். கேட்டது குற்றமா?

தெருவுக்குக் குற்றம்தான். அன்று சாயங்காலமே சங்கரன் மரத்தடியில் கூட்டம் போட்டார்.

“இந்த மரத்துல கோடாலி விழணும்னா, முதல்ல என் மேல விழட்டும்!”

ஒரே கைதட்டல். அந்தச் சூட்டோடு அடிமரத்தில் மஞ்சள் துணியைச் சுற்றி, சந்தனம் குங்குமம் வைத்து, கீழே ஒரு சின்னப் பிள்ளையாரையும் கொண்டுவந்து உட்கார வைத்தார்.

“இனிமே எவன் இதுல கை வைக்கறான்னு பார்த்துடறேன்.”

ஜெயபாரதியும் போய்க் கும்பிட்டாள். மரம் பிழைத்தால் அவளுக்கு மட்டும் கசக்குமா? ஆனாலும் யாரும் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

சில நாள் கழித்து மாநகராட்சி இன்ஜினியர் புகழேந்தி டேப்போடு வந்தார். குனிந்து நிமிர்ந்து அளந்தார். தெருவே கூடி நின்று பார்த்தது.

“மரத்தை வெட்ட வேண்டியதில்லை. மரத்துக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவுல நடைபாதை தாராளமாப் போகும். சைக்கிள் பாதை மரத்துக்கு அந்தண்டை.”

“பார்த்தேளா!” சங்கரன் ஜெயபாரதியைப் பார்த்து வெற்றிக் களிப்போடு தலையை ஆட்டினார்.

“ஆனா இந்த ரேம்ப்பை மட்டும் எடுக்கணும் சார்” என்றார் புகழேந்தி.

அவர் காட்டியது சங்கரன் வீட்டு ரேம்ப்பை. வீட்டை உயர்த்திக் கட்டியபோது, கார் ஏறுவதற்காக கேட்டிலிருந்து மரம் வரைக்கும் சிமென்டில் போட்ட சரிவு. பக்கவாட்டில் முழங்கால் உயரம். அத்தனையும் தெரு இடம்.

“அதை எடுத்துட்டா காரை எங்கே ஏத்தறதாம்? என் தலையிலயா?”

“கேட்டுக்கு உள்ளே சரிவு போட்டுக்கலாமே சார்.”

“மரத்தைக் காப்பாத்தினவனுக்கு இதான் மரியாதையா? நடக்கறவா கொஞ்சம் சுத்திண்டு போனா காலா தேஞ்சுடும்?”

ஜெயபாரதிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

“சுத்திக்கிட்டுப் போய்த்தான் சார் என் கால் உடைஞ்சுது! மரம் என்னை மறிக்கலை. மரத்தை ஒட்டி யாரும் நடந்துடலாம். அன்னிக்கு உங்க ரேம்ப் மேல ஏற முடியாமத்தான் நான் நடுத்தெருவுல இறங்கினேன்!”

கைதட்டின கைகளெல்லாம் இப்போது சும்மா தொங்கின. சங்கரன் முகம் சிவக்க உள்ளே போய் கேட்டைச் சாத்திக்கொண்டார்.

“காலையில ஆளுங்க வந்து எடுத்துடுவாங்கம்மா” என்றார் புகழேந்தி.

வீட்டுக்குப் போனதும் மகளின் சைக்கிளை வெளியே எடுத்துத் தூசி தட்டினாள் ஜெயபாரதி.

மறுநாள் காலை ஆட்கள் வந்த சத்தம் கேட்டது. கடப்பாரைச் சத்தம் மட்டும் கேட்கவே இல்லை. ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள்.

மரத்தில் மஞ்சள் துணியைக் காணோம். பிள்ளையாரையும் காணோம்.

பிள்ளையார் ரேம்ப் மேல் இருந்தார். அதே மஞ்சள் துணி, அதே சந்தனம் குங்குமம், கூடுதலாக ஒரு அருகம்புல் மாலை. கார் ஏறும் வழியை மட்டும் கவனமாக விட்டுவிட்டு, ஓரமாக உட்கார வைத்திருந்தார் சங்கரன்.

கும்பிடப் போன அவள் கை பாதியில் நின்றது.

வந்த ஆட்களில் மூத்தவரான முருகன் கடப்பாரையைக் கீழே போட்டார்.

“இன்னா சார் இது? சாமி கீற எடத்துல நம்ம ஆளுங்க கை வைக்க மாட்டாங்க. பாதை போட்டே ஆவணும்னு ஆர்டரு. இது போவலன்னா பாதை அந்தண்டை தள்ளிடும், அப்போ மரம்தான் போவணும். ஆபீஸ்ல கேட்டா, தெருக்காரங்க இன்னா சொல்றாங்கம்பாங்க. நீங்கதானே தலைவரு, சொல்லுங்க.”

சங்கரன் மரத்தை அண்ணாந்து பார்த்தார். கார் மேல் உதிர்ந்து கிடந்த புங்க இலைகளைக் கையால் தள்ளிவிட்டார். பிறகு, ஊன்றுகோலோடு நின்ற ஜெயபாரதியை முதல் தடவையாக இரக்கத்தோடு பார்த்தார்.

“பாவம்ப்பா, கால் முடியாதவா. நடக்கறதுக்கு ஒரு பாதை வேணும்னு எவ்ளோ ஆசையாக் கேட்டா! அவாளுக்காகவாவது அந்த மரத்தை எடுத்துடுங்கோ.”