நாலாவது வால்வு

"மாமா, மூணாவது பெட்ரோல் வால்வும் போச்சு. இன்னிக்கும் என்ஜின் நின்னா படகை வித்துடுவேன்," என்றான் படகுக்காரன்.

மெக்கானிக் மாமனார் கழற்றிப் போட்ட வால்வுகளை ஊதிப் பார்த்தார். திறந்தால் காற்று தாராளமாகப் போனது. மூடினால் கச்சிதமாக நின்றது.

"எல்லாமே நல்லாத்தானே இருக்கு மாப்ள?"

"நடு ஆத்துல பெட்ரோல் வர்றதில்ல. துடுப்பு போட்டுக் கரைக்கு வந்து பாத்தா ஓடுது. அதுவும் சாயங்காலம், உங்க பொண்ணை வேலையிலேர்ந்து கூட்டிட்டு வர்றப்பதான்."

மாமனாருக்கும் மண்டை குழம்பியது. நாலாவது வால்வை மாட்டிக் கொடுத்தார்.

அன்று மாலையும் நடு ஆற்றில் என்ஜின் நின்றது. "நாளைக்கே படகை வித்துடறேன்," என்றவன் இந்த முறை துடுப்பை எடுக்கவில்லை. டேங்கை மறைத்திருந்த மனைவியின் பையை நகர்த்தினான். வால்வு மூடியிருந்தது, அதன் மேல் அவள் விரல்.

"வித்துடாதீங்க," என்றாள் தலை குனிந்தபடி. "வீட்டுக்குப் போனா உங்களுக்குப் போனு, எனக்கு அடுப்பு. இது நின்னாத்தான் துடுப்பு போட்டுக்கிட்டே என்கூடப் பேசறீங்க."

அவன் வால்வைத் திறந்தான். ஸ்டார்ட் செய்யும் கயிற்றைப் பிடித்தவன், சற்று யோசித்தான். பிறகு வால்வை மறுபடி மூடிவிட்டுத் துடுப்பை எடுத்தான்.

"சொல்லு, இன்னிக்கு என்ன நடந்துச்சு?"